குழந்தைக்குப் பல் முளைத்தால் வயிற்றால் போகுமா? பெற்றோர் அறிய வேண்டியவை

"பல்லு மொளைக்குது, அதான் வயித்தால போகுது. ரெண்டு நாள்ல தானா நின்னுடும்." கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் பெரியவர்கள் வழக்கமாகச் சொல்லும் வார்த்தை இது. பல நேரம் அப்படியே நின்றும் விடுகிறது. நிற்காமல் போகும் நேரத்தில்தான் ஆபத்து. பல்லைக் காரணம் காட்டிக் காத்திருக்கும் ஒரு நாளில் கைக்குழந்தையின் உடலில் உள்ள நீர் வற்றிவிடக் கூடும்.

பல் எப்போது முளைக்கும்?

பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆறாவது மாதத்தை ஒட்டி முதல் பல் வருகிறது. நான்கு மாதத்திலும் வரலாம், ஒரு வயதிலும் வரலாம். வழக்கமாகக் கீழ்த்தாடையின் நடுவில் உள்ள இரண்டு பற்கள் முதலில் எட்டிப் பார்க்கும். இரண்டரை முதல் மூன்று வயதுக்குள் 20 பால் பற்களும் வந்துவிடும். மேல் பல் முதலில் வந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பதும், பல்லோடு பிறந்த குழந்தை குடும்பத்துக்கு ஆகாது என்பதும் மூடநம்பிக்கைகள்.

மூன்று மாதக் குழந்தைக்கு எச்சில் வடிந்தால் உடனே பல் என்று எண்ண வேண்டாம். அந்த வயதில் உமிழ்நீர் அதிகம் சுரக்கும். அதை விழுங்கும் பழக்கம் குழந்தைக்கு இன்னும் கைவந்திருக்காது. கையை வாயில் வைப்பதும் அந்த வயதின் இயல்புதான்.

பல்லால் வருவது எது, வராதது எது?

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 125 குழந்தைகளின் பெற்றோர் தினமும் எழுதி வைத்த குறிப்புகளைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வு 2000-இல் வெளியானது. பல் வெளிவருவதற்கு நான்கு நாள் முன்பிருந்து மூன்று நாள் பின்பு வரை சில அறிகுறிகள் கூடுதலாகத் தெரிந்தன:

- எச்சில் வடிதல், கண்டதைக் கடித்தல், ஈறைத் தேய்த்தல்
- சிணுங்கல், விழித்திருத்தல், காதைத் தேய்த்தல்
- கெட்டியான உணவில் நாட்டமின்மை, முகத்தில் சிறு தடிப்பு
- உடல் லேசாகச் சூடாதல்

வயிற்றுப்போக்கு, வாந்தி, இருமல், 102 டிகிரிக்கு மேற்பட்ட காய்ச்சல் ஆகியவற்றுக்கும் பல்லுக்கும் தொடர்பு காணப்படவில்லை.

அப்படியானால் இரண்டும் ஏன் ஒன்றாக வருகின்றன? வயதுதான் காரணம். தாயிடமிருந்து வந்த நோய் எதிர்ப்பு சக்தி ஆறாவது மாதத்தை ஒட்டிக் குறைந்துவிடுகிறது. அப்போதுதான் தாய்ப்பாலுடன் வேறு உணவும் தண்ணீரும் கொடுக்கத் தொடங்குகிறோம். குழந்தை தவழ்ந்து, தரையில் கிடப்பதை எல்லாம் வாயில் வைக்கிறது. கிருமி வயிற்றுக்குள் போக இத்தனை வழிகள் இருக்க, பழி பல்லின் மேல் விழுகிறது.

எந்த மலம் இயல்பு?

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை கடுகு நிறத்தில், இளக்கமாக, ஒரு நாளைக்குப் பல முறை மலம் கழிப்பது இயல்பே. ஒவ்வொரு முறை பால் குடித்ததும் போகலாம். ஆறு வாரத்துக்குப் பிறகு சில நாட்கள் போகாமலும் இருக்கலாம். பச்சை நிறம் மட்டும் தெரிந்தால் பயப்பட வேண்டாம்.

வழக்கத்தை விட நீராகவும் அதிக முறையும் போனால் அது வயிற்றுப்போக்கு. மலத்தில் ரத்தம் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். சுண்ணாம்பு போல் வெளுத்த மலம் பித்தநாளக் கோளாறின் அறிகுறியாக இருக்கலாம். அதற்கான அறுவை சிகிச்சை பிறந்த இரண்டு மாதத்துக்குள் நடந்தால்தான் பலன் அதிகம் என்பதால் தள்ளிப் போடவே கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியது

முதல் மருந்து ஓ.ஆர்.எஸ். 1971-இல் வங்கதேச அகதிகள் தங்கியிருந்த பன்கான் முகாமில் காலரா பரவியது. ஊசி வழி ஏற்றும் சலைன் தீர்ந்து போக, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதத்தை எட்டிய இறப்பு, 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

- ஒரு லிட்டருக்கான பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கரைக்க வேண்டும். டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் தூள் போடுவது தவறு. 24 மணி நேரத்துக்குப் பிறகு மீதியைக் கொட்டிவிடுங்கள்.
- இரண்டு மாதம் முதல் இரண்டு வயது வரை, ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மி.லி. வரை கரண்டியால் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மெதுவாகத் தொடருங்கள்.
- தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. திட உணவு சாப்பிடும் குழந்தைக்குக் குழைந்த சாதத்தைத் தொடருங்கள்.
- துத்தநாக மாத்திரை 14 நாட்களுக்குக் கொடுக்கப்படும்: இரண்டு முதல் ஆறு மாதம் வரை தினம் 10 மி.கி., அதற்கு மேல் 20 மி.கி. போக்கு நின்றாலும் முழுவதும் கொடுத்து முடியுங்கள்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் துத்தநாக மாத்திரையும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கும். கடையில் விற்கும் இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். ஆகாது. அவற்றின் பெயரில் அந்தச் சொல்லைப் பயன்படுத்த இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடை விதித்தது.

டயப்பர் கவனம்

டயப்பர் எல்லாவற்றையும் உறிஞ்சிவிடுவதால் குழந்தை சிறுநீர் கழித்ததா என்றே தெரியாமல் போகும். வயிற்றால் போகும் நாட்களில் துணி கட்டுவது நல்லது. முன்னிருந்து பின்னாகத் துடைத்து, தண்ணீரால் கழுவி, ஈரம் உலர்ந்த பின் கட்டுங்கள். சிவந்திருந்தால் சிறிது நேரம் காற்றாட விட்டு, துத்தநாக ஆக்சைடு களிம்பு தடவலாம். பவுடர் வேண்டாம். மலத்தைக் கழிப்பறையில் போட்டுவிட்டு, சோப்பால் கை கழுவுங்கள்.

ஈறு வலிக்கு

சுத்தமான விரலால் ஈறை மெல்லத் தேய்க்கலாம். குளிர்ந்த ஈரத் துணியைக் கடிக்கக் கொடுக்கலாம். மரத்துப் போகச் செய்யும் பென்சோகைன் ஜெல்லை இரண்டு வயதுக்குட்பட்டோருக்குப் பயன்படுத்த வேண்டாம் என 2018-இல் அமெரிக்க மருந்துத் துறை எச்சரித்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும் அபாயமே காரணம். ஒரு வயது வரை ஈறில் தேன் தடவவும் கூடாது.

பாரசிட்டமால் கொடுப்பதானால் மருத்துவர் சொன்ன அளவில் மட்டும். டிராப்ஸில் 1 மி.லி.க்கு 100 மி.கி. மருந்து இருக்கும், சில சிரப்புகளில் 5 மி.லி.க்கு 120 அல்லது 125 மி.கி.தான் இருக்கும். இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் அளவு பல மடங்கு கூடிவிடும்.

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலில் உள்ள குடும்பங்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு. கடிக்க ஏதாவது தேடும் குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் சிறு பொம்மைகளையும் உடைந்த சில்லுகளையும் வைக்காதீர்கள். வண்ணப் பூச்சுகள் சிலவற்றில் ஈயம் இருக்கக்கூடும். வேலை முடிந்து வருபவர்கள் கை கால் கழுவி, உடை மாற்றிய பிறகு குழந்தையைத் தூக்குங்கள்.

உடனே மருத்துவமனைக்கு

- உச்சிக்குழி உள்வாங்குதல், கண் குழிவிழுதல், அழுதால் கண்ணீர் வராமை
- ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை
- குடிக்க முடியாமை, ஓயாத வாந்தி, துவண்டு கிடத்தல்
- மலத்தில் ரத்தம்
- மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல்

உச்சிக்குழி விழுந்தால் அண்ணத்தை மேலே தள்ளுவதும், தொக்கம் எடுப்பதும் நேரத்தைத்தான் தின்னும். குழி விழுவது நீர் வற்றியதன் அடையாளம். வழி நெடுக ஓ.ஆர்.எஸ். கொடுத்தபடி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள், அல்லது 108-ஐ அழையுங்கள்.

தமிழகத்தில் 2017 முதல் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து இலவசமாகத் தரப்படுகிறது. 6, 10, 14-ஆவது வாரங்களில் மூன்று தவணை. தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்து, அது விடுபட்டுள்ளதா என்று பார்த்துக் கொள்ளுங்கள்.