சிங்க இறாலை மறைச்சுப் பாருங்கோ

ஒரு மெல்லிய வெள்ளைப் பட்டுக் கவுன். இடுப்பில் சிவப்புப் பட்டி. பாவாடையின் முன்பக்கத்தில் பெரிய சிவப்புச் சிங்க இறால் ஒன்று, அதைச் சுற்றிப் பார்ஸ்லி இலைகள். 1937இல் பரிஸில் எல்சா ஸ்கியாபரெல்லி உருவாக்கிய உடுப்பு இது. முடியைத் துறந்த எட்வேர்ட்டைக் கலியாணம் செய்ய இருந்த வாலிஸ் சிம்சன், இதைப் போட்டுக்கொண்டு 'வோக்' சஞ்சிகைக்குப் படம் எடுத்தார். இறாலை வரைந்தவர் ஓவியர் சல்வடோர் டாலி. அதனால இந்தக் கவுனைப் பற்றிக் கதைக்கேக்க டாலியின் பெயர்தான் முன்னுக்கு வந்து நிற்கும். தைத்தவரின் பங்கு என்ன எண்டு கேட்கிற ஆக்கள் குறைவு.

சும்மா ஒருக்கா அந்த இறாலைக் கையால மறைச்சுப் பாருங்கோ. மிச்சம் இருக்கிறது ஒடுங்கின இடுப்பும் கீழே விரிகிற பாவாடையும். எந்த விருந்துக்கும் போட்டுக்கொண்டு போகலாம். வெட்டு பழைய முறை, குறும்பு ஒரே ஒரு இடத்தில். ஸ்கியாபரெல்லியின் கெட்டித்தனம் இதுதான்.

1890இல் ரோமில் படித்த குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். தையலை முறையாகப் படிக்கவில்லை. கணவரைப் பிரிந்து, மகளோடு பரிஸுக்கு வந்துதான் தொழிலைத் தொடங்கினார். 1927இல் பெயர் வாங்கித் தந்தது ஒரு கறுப்புக் கம்பளிச் சட்டை. கழுத்தில் வெள்ளை ரிபன் முடிச்சு இருக்கிற மாதிரித் தெரியும். கிட்டப்போய்ப் பார்த்தால் முடிச்சே இல்லை, பின்னலிலேயே வந்த உருவம். அதைப் பின்னியது பரிஸில் இருந்த ஓர் ஆர்மேனியப் பெண். அவருடைய பின்னல் முறையில் சட்டை இழுபடாமல் நின்றதால்தான் அந்தக் கண்கட்டு வித்தை பலித்தது.

1936இல் மேசை லாச்சி மாதிரிப் பொக்கெற் வைத்த உடுப்புகள் வந்தன. சில லாச்சிகள் உண்மையானவை, சில வெறும் தோற்றம். எது எதெண்டு போட்டிருக்கிறவளுக்குத்தான் தெரியும்!

ஆனால் எல்லாமே பகிடி இல்லை. 1938இல் வந்த 'கண்ணீர்' உடுப்பைப் பாருங்கோ. நீளமான, அமைதியான மாலைநேரக் கவுன்தான். துணி முழுக்கக் கிழிந்து, உள்ளே சதை தெரிகிற மாதிரி அச்சு. தலையில் போடும் முக்காட்டில் மட்டும் கிழிசல்கள் உண்மையாகவே வெட்டப்பட்டவை. அந்த நேரம் டாலியின் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. அடுத்த வருசம் ஐரோப்பா முழுக்கப் போர். பணக்காரரின் விருந்து மண்டபத்துக்குள்ளே கிழிந்த உடம்பு ஒன்று நடந்து வருவதை யோசிச்சுப் பாருங்கோ. ஓவியம் எண்டால் சுவரில் தொங்கும், பார்க்க விருப்பமில்லாதவர் திரும்பிப் போகலாம். உடுப்பு அப்படி இல்லை. பக்கத்தில் வந்து கதிரையில் இருக்கும், கதைக்கும், சாப்பிடும்.

போருக்குப் பிறகு ரசனை மாறிவிட்டது. 1954இல் அவர் கடையை மூடினார்; 1973இல் இறந்தார். சிங்க இறால் கவுன் இன்று பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது, கண்ணீர் உடுப்பு லண்டனில். வரைந்த கைக்குக் கொடுக்கிற மரியாதையை வெட்டின கைக்கும் பின்னின கைக்கும் கொடுத்தால்தான் அந்த உடுப்புகளின் வரலாறு முழுசாகும். ஏனெண்டால் அந்த இறாலை இவ்வளவு காலமும் தாங்கி நிற்கிறது நேர்த்தியாத் தைத்த ஒரு வெள்ளைப் பாவாடைதான்.