ரிசோகிராஃப்: ஓர் அலுவலக இயந்திரத்தின் கலை வாழ்வு

பள்ளி வினாத்தாள்களையும் துண்டறிக்கைகளையும் சைக்ளோஸ்டைலில் உருட்டி எடுத்ததைக் கண்ட நமக்கு ரிசோகிராஃப் அந்நியமானதல்ல. மெழுகுத்தாளில் எழுத்தாணியால் கீறி, அக்கீறலின் வழியே மையைக் கசியவிடும் அதே குடும்பத்தின் பிற்காலப் பிள்ளை அது. எடிசன் 1876இல் அம்முறைக்கு வழிகோலிய காப்புரிமையைப் பெற்றார். ஜப்பானில் 1894இல் ஹோரி குடும்பத்தார் அதைத் தம் நாட்டுக்கேற்ப வடித்தனர்.

போரில் நொறுங்கிய டோக்கியோவில் 1946ஆம் ஆண்டு நொபொரு ஹயாமா இந்த உருட்டச்சுத் தொழிலைத் தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் ரிசோ. ஜப்பானிய மொழியில் இலட்சியம் என்று பொருள். அந்நிறுவனம் 1977இல் வீடுகளுக்கான பிரிண்ட் கோக்கோ என்னும் சிறு கருவியையும், 1980இல் ரிசோகிராஃபையும் வெளியிட்டது. புத்தாண்டு வாழ்த்து அட்டைகளைத் தாமே அச்சிட விரும்பிய ஜப்பானியக் குடும்பங்கள் கோக்கோவைக் கொண்டாடின. ரிசோகிராஃபோ பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் போயிற்று.

அதன் இயக்கம் எளியது. மூலப்படியை இயந்திரம் வருடிப் படிக்கிறது. அதன் வெப்பமுனை, மாஸ்டர் எனப்படும் மெல்லிய தாளில் நுண்துளைகளைச் சுடுகிறது. அத்தாள் மை உருளையைச் சுற்றிக்கொள்ள, உருளை சுழலும்போது உள்ளிருக்கும் மை துளைகள் வழியே காகிதத்தில் இறங்குகிறது. ஓர் உருளைக்கு ஒரே நிறம். மாஸ்டருக்கு ஆகும் செலவு ஒருமுறைதான் என்பதால், படிகள் பெருகப் பெருக விலை குறையும்.

இந்த மலிவுதான் கலைஞர்களை முதலில் ஈர்த்தது எனலாம். நெதர்லாந்தின் நெய்மேகன் நகரிலுள்ள க்னுஸ்ட் அச்சுக்கூடம் இவ்வழியில் முன்னோடி. பின்னர் பல நாடுகளின் ஓவியப் பள்ளிகளுக்குள்ளும் இயந்திரம் நுழைந்தது.

அங்கே மாணவர் கற்பது நிறத்தைப் பிரித்துச் சிந்திப்பதை. மூன்று நிறப் படத்துக்கு அவர் மூன்று கறுப்பு வெள்ளை மூலங்களை வரைய வேண்டும். மஞ்சளின் மேல் இளஞ்சிவப்பு விழுந்தால் ஆரஞ்சு பிறக்கும் என்பதைக் காகிதம் வெளிவரும் முன்பே மனத்தில் காண வேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் காகிதம் மறுபடி உள்ளே போவதால் நிறங்கள் சற்றே விலகி விழும். எண்ணெய் கலந்த மை விரலில் ஒட்டும். அலுவலகம் குறையென ஒதுக்கியதைக் கணக்கில் வைத்தே மாணவர் வரைகிறார். இரு படிகள் ஒன்றுபோல் இரா என்பதே அவருக்கு மகிழ்ச்சி.

ஆயினும் இக்கலை பிறர் வீட்டில் குடியிருக்கிறது என்பதை நாம் மறக்கலாகாது. பிரிண்ட் கோக்கோ கருவியின் விற்பனை 2008இல் நின்றது. அதன் மையும் விளக்குகளும் 2012இல் நின்றன. நேசித்தவர்கள் இருந்தும் கருவி பிழைக்கவில்லை. வாங்குவோர் தொகையே அதன் ஆயுளைத் தீர்மானித்தது. ரிசோகிராஃபின் உருளையும் மாஸ்டரும் மாணவர்களை நம்பி உருவாவதில்லை. பள்ளிகளும் அலுவலகங்களும் கேட்கும்வரை அவை கிடைக்கும்.

ஆகவே அச்சிட்ட படிகளைப் போலவே அந்த அறிவையும் சேமிப்பது நம் கடமை. நிறத்தைப் பிரித்து நினைக்கப் பழகிய கை, பட்டுத்திரை அச்சிலும் மரச்செதுக்கிலும் அதைத் தொடர முடியும்.