ஒன்பது நிமிடத் தீர்ப்பு

கதிரவன் கொளுத்துகிறான். மாடியிலிருந்த மன்றத்துக்குள்ளே மக்கள் வெள்ளம்! பாரம் தாங்காமல் தளம் சரிந்துவிடுமோ என்று நீதிபதி ரால்ஸ்டனுக்கே அச்சம் பிறக்கிறது. மன்றம் மாடியைவிட்டு இறங்கி, புல்வெளியிலே மரநிழலில் கூடுகிறது. சான்று கூறும் நாற்காலியில் அமர்ந்திருப்பவர் யார்? அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பதவிக்கு மும்முறை போட்டியிட்டவர், அயலுறவுத் துறையை ஆண்டவர், நாவன்மையால் நாட்டையே மயக்கியவர், வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். அவர் எதிரிலே நிற்கிறார் 68 வயது வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ.

கேள்விகள் கணைகளாகப் பாய்கின்றன. யோனாவை விழுங்கியது மீனா, திமிங்கிலமா? யோசுவா கதிரவனை நிறுத்தினான் என்கிறீரே, நின்றது கதிரவனா, பூமியா? காயீனுக்கு மனைவி எங்கிருந்து வந்தாள்? படைப்பின் ஆறு நாட்களும் 24 மணி நேர நாட்கள்தாமா? பிரையன் தடுமாறுகிறார். அந்த நாட்கள் நெடுங்காலங்களாகவும் இருக்கலாம் என்கிறார். வேதத்தின் ஒவ்வொரு சொல்லையும் காக்க வந்தவர் தாமே ஒரு சொல்லுக்குப் புதுப்பொருள் கூறிவிட்டார்! கூட்டம் சிரிக்கிறது. நாள் 1925 ஜூலை 20. இடம், டென்னசி மாநிலத்துச் சிற்றூர் டேட்டன்.

கல்லூரி நாட்களிலே இதை முதன்முதல் படித்தபோது என் நெஞ்சம் விம்மியது. பகுத்தறிவு வென்றது, பழமை வீழ்ந்தது என்று விடுதி நண்பர்களிடம் முழங்கித் திரிந்தேன். அந்த முழக்கத்தை இன்று கொஞ்சம் திருத்தவேண்டியிருக்கிறது, தோழர்களே. என்னைத் திருத்தியவர்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள்.

1925இல் டேட்டன் மக்கள் கையில் கைப்பேசி இருந்திருந்தால் அந்த வழக்கு எப்படி நடந்திருக்கும்? முகநூலில் என்ன பதிவு வந்திருக்கும், வாட்ஸ்அப்பில் எது பரவியிருக்கும்? இதை எழுதிக் காட்டுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். ஒருவன் டாரோ, ஒருத்தி பிரையன், ஒருவன் நீதிபதி. ஏளனத்துக்குப் பெயர்போன செய்தியாளர் மென்கன் பொறுப்பு வேறொருவனுக்கு. வகுப்பின் குறும்பன் ஒருவன், விளம்பரத்துக்காக ஊருக்குக் கொண்டுவரப்பட்ட ஜோ மெண்டி என்ற சிம்பன்சியின் பெயரால் எழுதுவேன் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டான். பள்ளியிலே கைப்பேசிக்கு அனுமதி இல்லை. ஆகவே பதிவுகள் யாவும் தாளில் எழுதப்பட்டுச் சுவரில் ஒட்டப்பட்டன. விருப்பக்குறியைச் சிவப்பு மையால் இட்டுக்கொண்டார்கள்!

விளையாட்டு என்று எண்ணவேண்டாம். அந்த வழக்கே விளம்பர ஆசையில் பிறந்ததுதான். மனிதன் கீழ்நிலை உயிரினங்களிலிருந்து தோன்றினான் என்று அரசுப் பள்ளிகளில் கற்பிக்கலாகாது, மீறினால் 100 முதல் 500 டாலர் வரை தண்டம் என்றது, 1925 மார்ச்சில் நிறைவேறிய பட்லர் சட்டம். அதனை எதிர்த்து வழக்காட முன்வரும் ஆசிரியருக்குத் துணைநிற்போம் என்று அமெரிக்கக் குடியுரிமைக் கழகம் செய்தித்தாளில் அறிவித்தது. டேட்டனின் ராபின்சன் மருந்துக் கடையிலே ஊர்ப் பிரமுகர்கள் கூடினர். வழக்கு நம் ஊரில் நடந்தால் ஊர் பெயர் பெறும், வணிகம் பெருகும் என்று கணக்கிட்டனர். டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்த 24 வயது ஆசிரியர் ஜான் ஸ்கோப்ஸை அழைத்துவரச் செய்து, குற்றவாளியாக இருக்கச் சம்மதமா என்று கேட்டனர். அவர் கால்பந்துப் பயிற்சியாளர்; உயிரியலுக்குச் சில நாள் மாற்றாசிரியராக இருந்தவர். பரிணாமப் பாடத்தைத் தாம் நடத்தினோமா என்பதே அவருக்குத் திட்டமாக நினைவில்லை! ஆயினும் சம்மதித்தார்.

பிறகென்ன? செய்தியாளர் படை வந்திறங்கிற்று. சிகாகோவின் டபிள்யூ.ஜி.என். வானொலி ஒலிவாங்கிகளை மன்றத்துக்குள்ளேயே நிறுத்தியது. அமெரிக்க வழக்கு ஒன்று நேரடியாக வானொலியில் ஒலித்தது அதுவே முதல் தடவை. இக்காலத்து ஊடக ஆரவாரத்துக்கு அன்றே ஒத்திகை நடந்துவிட்டது.

சுவர் நிறைந்தது; படித்துப் பார்த்தேன். ஜூலை 20ஆம் நாளுக்கு இடம் போதவில்லை. யோனாவும் மீனும் கேலிச்சித்திரமாகியிருந்தனர். காயீன் மனைவிக்கு ஒரு மாணவி தனிக் கணக்கே தொடங்கிவிட்டாள். மென்கன் பொறுப்பேற்ற பையன் அந்த நாளில் நையாண்டியைக் கொட்டித் தீர்த்திருந்தான். மெய்யான மென்கன் அன்று டேட்டனிலேயே இல்லை. இனி என்ன நடக்கப்போகிறது என்று இரண்டொரு நாள் முன்னரே புறப்பட்டுப் போய்விட்டார்! மற்ற நாட்களுக்கோ சுவரிலே ஓரிரு தாள்கள்தாம். 15ஆம் நாள் முழுவதுமே வெறுமை. அன்றுதான் ஹோவர்ட் மார்கன் என்ற 14 வயது மாணவன் சாட்சிக் கூண்டில் நின்றான். ஆசிரியர் என்ன சொல்லிக் கொடுத்தார் என்று அரசுத் தரப்பு கேட்டது. அதனால் உனக்கு ஏதும் கேடு வந்ததா என்று டாரோ கேட்டார். இல்லை ஐயா என்றான் சிறுவன். என் மாணவர்கள் வயதொத்த ஒருவன் வாய்திறந்த அந்த நாளை அவர்களே மறந்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் யார்? நானும் அதைத்தானே மறந்திருந்தேன்.

குற்றம் சாட்டப்பட்டவருக்கும் இதே கதிதான். ஸ்கோப்ஸ் சாட்சிக் கூண்டேறவே இல்லை. பாடம் நடத்தினீரா என்று கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்ற கவலை அவர் வழக்கறிஞர்களுக்கு! தீர்ப்புக்குப் பிறகுதான் நீதிபதியின் முன் சில சொற்கள் பேசினார். இது நேர்மையற்ற சட்டம், இனியும் எதிர்ப்பேன் என்றார். அறிவியல் அறிஞர்களும் வந்திருந்தனர். அவர்களுள் விலங்கியலாளர் மெட்காஃப் ஒருவரே வாய்மொழியாகச் சான்று கூற விடப்பட்டார், அதுவும் ஜூரிகளை வெளியே அனுப்பிவிட்டு. மற்றவர் சொல்ல வந்தது எழுத்திலே அடங்கியது. எந்த அறிவியலுக்காக வழக்கோ, அந்த அறிவியல் தீர்ப்பளிப்போர் செவியில் விழவேயில்லை.

பிரையனாக எழுதிய மாணவி ஒருநாள் என்னிடம் வந்தாள். "ஐயா, எல்லோரும் என்னைத் திட்டியே எழுதுகிறார்கள். அவர் ஏன் எதிர்த்தார் என்று யாரும் கேட்கவில்லையே!" என்றாள். சரியான கேள்வி. வலியது வாழும், எளியது மாளும் என்ற பேச்சு போருக்கும் ஒடுக்குமுறைக்கும் நியாயமாகிறது என்று பிரையன் அஞ்சினார். உழவருக்காக வாழ்நாளெல்லாம் வாதிட்டவர் அவர். அவருடைய அறிவியல் பிழை. அந்த அச்சம் முழுப் பிழை அன்று. சான்று வேண்டுமா? ஸ்கோப்ஸ் கையிலிருந்த நூல், 1914இல் வெளிவந்த ஹண்டரின் குடிமை உயிரியல். மனிதரை ஐந்து இனங்களாகப் பிரித்து, வெள்ளையரே எல்லோரிலும் உயர்ந்தவர் என்று எழுதியது அது. ஊனமும் குற்றமும் வழிவழி வருவதாகக் கூறி, அத்தகைய குடும்பங்களை ஒட்டுண்ணிகள் என்றது. அவர்கள் பெருகாமல் தடுக்கவேண்டும் என்றது. பிறப்பால் உயர்வு தாழ்வு என்ற பழைய நஞ்சு, அறிவியலின் சீசாவிலே! டேட்டனிலோ அந்தப் பக்கங்கள் வழக்காகவில்லை. அடுத்த ஆண்டு, 1926இல், அந்த இனமேம்பாட்டுக் கொள்கையைச் சாடி டாரோ ஒரு கட்டுரை எழுதினார் என்பது அவருக்குப் பெருமை. ஆனால் டாரோவைப் போற்றும் நம்மில் எத்தனை பேர் அந்தப் பாடநூலைப் புரட்டிப் பார்த்தோம்? வேதத்தை வரிவரியாகக் கேள்வி கேட்ட நாம், நம் பக்கத்து நூலை அட்டையோடு ஏற்றுக்கொண்டோம்.

வழக்குக்கு என்ன ஆயிற்று? ஜூலை 21 காலையில் பிரையன் அளித்த சான்று முழுவதையும் நீதிபதி பதிவேட்டிலிருந்து நீக்கினார். மேல்முறையீட்டுக்கு வழி வேண்டுமே என்று, குற்றவாளி எனத் தீர்ப்பளியுங்கள் என ஜூரிகளிடம் டாரோவே கேட்டுக்கொண்டார். 100 டாலர் தண்டம். ஐந்து நாள் கழித்து, டேட்டனிலேயே பிரையன் உறக்கத்தில் இறந்தார். 1927இல் டென்னசி உச்ச நீதிமன்றம், சட்டம் செல்லும் என்றது. ஆனால் 50 டாலருக்கு மேற்பட்ட தண்டத்தை ஜூரிகளே விதிக்கவேண்டும், நீதிபதி விதித்தது முறையன்று என்று சொல்லித் தண்டனையைத் தள்ளியது. தண்டனை போனதால் மேல்நீதிமன்றக் கதவும் சாத்திக்கொண்டது. சிரித்த கூட்டம் கலைந்தது, சட்டம் கலையவில்லை. 1926இல் மிசிசிப்பி, 1928இல் அர்கன்சா என்று தடை பரவியது. பாடநூல் விற்போர் கணக்குப் பார்த்தனர்; பரிணாமம் என்ற சொல் பல நூல்களிலிருந்து மெல்ல நழுவியது. 1960இல் திரைப்படமாகவும் வந்து டாரோவின் வெற்றி ஊரெங்கும் கைதட்டல் பெற்றபோது, பட்லர் சட்டம் டென்னசியிலே உயிரோடுதான் இருந்தது! அது நீக்கப்பட்டது 1967இல். அடுத்த ஆண்டு, அர்கன்சா சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் வீழ்த்தியது. அந்த வழக்கைத் தொடுத்தவர் சூசன் எப்பர்சன் என்ற இளம் ஆசிரியை. அவரை வைத்து யார் படம் எடுத்தார்கள்?

சுவரில் தாள் ஒட்டும் வேலை முடியும் நாளிலே, வகுப்பில் அதிகம் பேசாத ஒரு மாணவி என் மேசையருகே வந்து நின்றாள். அவளுக்குக் கிடைத்திருந்தது ஜூரிகளின் பொறுப்பு. பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கணக்கு.

"ஐயா, 20ஆம் நாளுக்கு நான் என்ன எழுதுவது? அன்று ஜூரிகளை மன்றத்துக்குள் விடவே இல்லை என்று புத்தகத்தில் இருக்கிறதே!"

உள்ளதை எழுது என்றேன். யோனாவும் மீனும் காயீன் மனைவியும் நெருக்கியடிக்கும் அந்தச் சுவரின் நடுவிலே, அவள் ஒட்டிய தாள் இன்றும் இருக்கிறது. ஜூலை 20, எங்களை அழைக்கவில்லை. ஜூலை 21, ஒன்பது நிமிடம் பேசினோம், குற்றவாளி என்றோம். அந்தத் தாளில் ஒரு சிவப்புக் குறிகூட விழவில்லை.