காந்தம் வேண்டாத ஆய்வு

பசுமலையில் 1881இல் தொடங்கப்பெற்ற கல்லூரியே பின்னர் நகருக்குள் இடம்பெயர்ந்து அமெரிக்கன் கல்லூரியாய் நிலைத்தது என்பதை மதுரைக்காரர் அறிவர். அம்மலையைப் பார்த்தபடி புணரியல் நடத்தும் நமக்கு, வேதியியலார் வழங்கும் 'பிணைப்பு' என்னும் சொல்மீது நெடுநாளாக ஓர் ஈர்ப்பு. இரு சொற்கள் சேருமிடத்தில் எது திரிந்தது, எது கெட்டது என்று நாம் ஆராய்கிறோம். இரு அணுக்கள் சேருமிடத்தில் எலக்ட்ரான் எப்பக்கம் சாய்ந்தது என்று அவர்கள் ஆராய்கின்றனர்.

அச்சாய்வை அளக்க ஒரு வழி 1950இல் பிறந்தது. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஹான்ஸ் டெமெல்ட்டும் ஹூபர்ட் க்ரூகரும் குளோரின் சேர்ந்த ஒரு கரிமப் பொருளில் அணுக்கரு நான்முனை ஒத்ததிர்வைக் கண்டறிந்தனர். குளோரினின் அணுக்கரு முழு உருண்டையன்று. சுற்றியுள்ள எலக்ட்ரான்களின் மின்புலம் சீரற்றிருந்தால், அக்கரு குறிப்பிட்ட சில நிலைகளில் மட்டுமே நிற்கும். ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ, அதற்கேற்ற வானொலி அலையை உட்கொள்ளும். பெருங்காந்தம் எதுவும் வேண்டுவதில்லை. வானொலிப் பெட்டியின் உறுப்புகளைக் கொண்டே பலர் தம் கருவியைத் தாமே கட்டிக்கொண்டனர். பணவசதி குறைந்த ஆய்வகங்களுக்கு இது எத்துணைப் பெரிய வாயில் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

திண்மக் குளோரினில் அவ்வதிர்வெண் ஏறத்தாழ 54 மெகாஹெர்ட்ஸ். கார்பன் டெட்ராகுளோரைடில் 40, வெள்ளீய டெட்ராகுளோரைடில் 24, சோற்றுப்பில் சுழியம். எலக்ட்ரானைக் குளோரின் தன்வயமாக்கிக்கொள்ளுந்தோறும் எண் இறங்குகிறது. இக்கணக்கிற்கு அடிப்படை வகுத்தவர்கள் டவுன்ஸும் டெய்லியும் (1949). வெள்ளீயச் சேர்மத்தில் குளோரின்களை ஒவ்வொன்றாக நீக்கி மெத்தில் தொகுதியை அமர்த்தினால் எண் மேலும் தாழ்கிறது. மெத்தில் தரும் எலக்ட்ரானை உலோகம் எஞ்சிய குளோரினிடம் தள்ளிவிடுகிறது என்பர். ஆயினும் எல்லாம் அவ்வளவு எளிதன்று. சிலிக்கன் டெட்ராகுளோரைடின் 20 என்னும் தாழ்ந்த எண்ணுக்கு அயனித்தன்மை மட்டும் காரணமா, இரட்டைப் பிணைப்பின் சாயலும் உண்டா என்று நெடுங்காலம் வழக்காடினர். உரையாசிரியர் சண்டைகளில் ஊறிய நமக்கு இது புதிதாகத் தோன்றவில்லை!

இத்துறையின் முதன்மையான நூலை 1958இல் எர்வின் ஹானுடன் சேர்ந்து எழுதியவர் இந்தியரான டி. பி. தாஸ். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஜெ. ராமகிருஷ்ணாவின் குழு, அழுத்தமும் வெப்பமும் மாறும்போது இவ்வெண்கள் எங்ஙனம் மாறுகின்றன என்று ஆராய்ந்தது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் இத்துறையை வளர்த்தவர்களுள் ஒருவர் பி. டி. நரசிம்மன், 1970ஆம் ஆண்டின் பட்நாகர் பரிசு பெற்றவர். அவர் பெயரின் முதலெழுத்து பள்ளிக்கரணை என்னும் ஊரைக் குறிப்பது. அவ்வூரை நாம் சதுப்புநிலத்திற்காக மட்டுமே அறிந்திருக்கிறோம். புலவர்களின் ஊர்ப்பெயர்களைத் தேடித் தொகுத்த நாம் இப்பெயரைத் தவறவிட்டது நமக்கே உறுத்துகிறது.

பின்னாளில் வலுமிக்க காந்தக் கருவிகளும் எக்ஸ் கதிர்ப் படிகவியலும் கணினிக் கணக்கீடும் இம்முறையைப் பின்னுக்குத் தள்ளின. கிராம் கணக்கில் தூள் வேண்டும் என்பதும் ஒரு குறை. ஆயினும் குளோரினை விட்டு நைட்ரஜனுக்கு மாறிய அதே முறை, மண்ணில் புதைந்த வெடிபொருளைத் தேடும் ஆய்வுகளில் இன்றும் வழங்குகிறது.