இரண்டாவது ரகம்!

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துக்கொண்ட அனுபவம் உங்களுக்கு உண்டா? 'டக டக' சத்தத்துக்கு நடுவே, அந்தக் குழாய்க்குள் ஆடாமல் அசையாமல் படுத்திருப்பீர்கள். பெரும்பாலான மெஷின்களில் உங்களைச் சுற்றியுள்ள கம்பிச் சுருளில் ஒருமுறை கரன்ட்டை ஏற்றிவிட்டால் போதும்... வருஷக்கணக்கில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்! அந்தக் கம்பிக்குப் பின்னால் ஒரு சோகக் கதை இருக்கிறது.

1911. ஹாலந்தில் உள்ள லைடன் நகரம். பேராசிரியர் காமர்லிங் ஓன்னஸ், திரவ ஹீலியத்தின் உதவியால் பாதரசத்தைக் குளிரவைத்துக்கொண்டே போனார். மைனஸ் 269 டிகிரி செல்சியஸை நெருங்கியபோது பாதரசத்தின் மின்தடை சட்டென்று காணாமல் போனது. குறையவில்லை, காணவே காணோம்! அதுதான் 'சூப்பர் கண்டக்டர்'.

தடையே இல்லையென்றால் எக்கச்சக்கமாக கரன்ட்டை அனுப்பி, ராட்சத காந்தம் செய்யலாமே? ஓன்னஸும் அதற்குத்தான் ஆசைப்பட்டார். நடக்கவில்லை. காந்தப்புலம் கொஞ்சம் ஏறியதுமே பாதரசமும் ஈயமும் பழையபடி சாதாரண உலோகமாகிவிட்டன. முதல் ரகத்தின் குணம் அப்படி. காந்தப்புலத்தைத் தன் உடம்புக்குள் விடவே விடாது என்று 1933-ல் மைஸ்னரும் ஆக்ஸன்ஃபெல்டும் கண்டுபிடித்தார்கள். ஓர் எல்லைக்கு மேல் நெருக்கினால், மொத்தமாகச் சரண்டர்!

அடுத்து வந்தவர் லெவ் ஷூப்னிகோவ். அதே லைடனில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, சோவியத் உக்ரைனின் கார்கோவ் நகரில் குளிர்நிலை ஆய்வுக்கூடத்தை நடத்தியவர். ஈயத்தோடு தாலியம், இண்டியம் கலந்த உலோகக் கலவைகளை அவரது குழு சோதித்தது. அவை வளைந்துகொடுத்தன! முதல் எல்லையைத் தாண்டியதும் காந்தப்புலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அனுமதித்தன. ஆனாலும் அதைவிடப் பெரிய இரண்டாவது எல்லை வரை சூப்பர் கண்டக்டராகவே நீடித்தன. இதுதான் இரண்டாவது ரகம்.

1937 ஆகஸ்ட்டில் ஸ்டாலினின் ரகசிய போலீஸ் ஷூப்னிகோவைக் கைது செய்தது. நவம்பரில் சுட்டுக் கொன்றார்கள். வயது 36.

இருபது வருஷம் கழித்து, 1957-ல், 'அவர் குற்றமற்றவர்' என்று அரசாங்கம் அறிவித்தது. அதே வருஷம் அப்ரிகோசோவ் என்ற மாஸ்கோ விஞ்ஞானி, காந்தப்புலம் மெல்லிய சுழல்களாக உள்ளே நுழைவதைக் கணக்குப் போட்டு விளக்கினார். அதற்காக 2003-ல் அவருக்கு நோபல் பரிசின் ஒரு பங்கு கிடைத்தது. ஷூப்னிகோவ்? நோபலை இறந்தவர்களுக்குத் தருவதில்லையே!

ஸ்கேன் மெஷினில் இருப்பது நயோபியம்-டைட்டானியம் கம்பி. சந்தேகமென்ன... இரண்டாவது ரகம்தான்! அடுத்த முறை அந்தக் குழாய்க்குள் போக நேர்ந்தால், ஷூப்னிகோவை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.