நந்தனார் கீர்த்தனையும் நமது இசைத்தட்டுப் பெட்டியும்

மேனாட்டு இசையன்பர் சிலரிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மேதையின் ஒரே சிம்பொனியை எத்தனை வாத்தியக் குழுவினர் வாசித்துத் தட்டில் பதித்திருக்கின்றனரோ, அத்தனை தட்டுகளையும் தேடித் தொகுத்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு ஒப்பிடுவர். ஒரு பாட்டைக் கேட்க ஒரு தட்டுப் போதாதா என்று நம்மவர் வினவக்கூடும். ஆஸ்திரிய நாட்டு அந்தோன் புருக்னர் தமது எட்டாவது சிம்பொனியை 1887இல் ஒருவிதமாக எழுதி முடித்தார். 1890இல் அதனையே திருத்தி வேறுவிதமாக்கினார். இவற்றுள் எதனை எவர் எவ்வாறு வாசித்தார் என்பதைத் தட்டுகளை அருகருகே வைத்துக் கேட்டாலன்றி அறிதற்கில்லை. ஆகவே அவர்கள் செய்வது வீண் பொழுதுபோக்கன்று.

அந்தப் புருக்னர் மறைந்த 1896ஆம் ஆண்டிலேயே நம் தமிழகத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரும் மறைந்தார். நாகைப் பக்கத்து நரிமணத்தில் பிறந்து, முடிகொண்டானிலும் ஆனதாண்டவபுரத்திலும் வாழ்ந்து, நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை நமக்கு அளித்த பெருமான் அவர். புருக்னரின் சிம்பொனிகளுக்குச் செய்யும் அவ்வாராய்ச்சியை நம் பாரதியாரின் கீர்த்தனைகளுக்குச் செய்தால் என்ன என்ற எண்ணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

எட்டின் வழியன்றிச் செவியின் வழியே பாரதியாரை அறிய வேண்டும் என்பதற்கு அவருடைய வாழ்க்கையிலேயே சான்று உளது. நந்தனார் சரித்திரத்துக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டி அவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை அணுகினார். செய்யுளில் இலக்கணப் பிழைகள் மலிந்திருத்தலைக் கண்ட பிள்ளையவர்கள் பாயிரம் தர விரும்பாமல் நாட்களைக் கடத்தி வந்தார்கள். பாரதியாரோ சலியாமல் வந்து திண்ணையில் காத்திருந்தார். ஒருநாள் அவர் தம் கீர்த்தனைகளைத் தாமே பாடிக்கொண்டிருக்க, உள்ளிருந்து கேட்ட பிள்ளையவர்களின் மனம் உருகிற்று; பாயிரமும் கிடைத்தது. பிள்ளையவர்களின் மாணாக்கரும், பாரதியாரிடம் சிறிதுகாலம் சங்கீதம் பயின்றவருமான உ. வே. சாமிநாதையரவர்கள் இதனை நமக்கு எழுதி வைத்தார்கள். காரைக்காலில் பிரெஞ்சு அதிகாரியாயிருந்த சீசே துரையின் ஆதரவால் நூலும் அச்சேறிற்று.

பிள்ளையவர்களை உருக்கிய அக்குரல் எங்கே? எடிசன் ஒலிப்பதிவுக் கருவியை அமைத்தது 1877இல். பாரதியார் அதன் பின்னும் 19 ஆண்டுகள் வாழ்ந்தார். கிராமபோன் கம்பெனியின் கெய்ஸ்பெர்க் துரை கல்கத்தாவில் வந்திறங்கி இந்தியப் பாடகர்களைப் பதிவு செய்யத் தொடங்கியதோ 1902இல். ஆறே ஆண்டு இடைவெளியில் நாம் அக்குரலை இழந்தோம்! இதை எண்ணுந்தோறும் மனம் ஆறவில்லை.

பின்னர்த் தட்டுகள் வெள்ளமெனப் பெருகின. முதலில் அவை ஜெர்மனி தேசத்து ஹானோவரில் அச்சாகிக் கப்பலில் வந்தன. 1908 முதல் கல்கத்தாவின் சியால்டாவிலேயே அச்சாயின. தட்டுக்கு உயிரான அரக்கு நம் நாட்டுக் காடுகளில் விளைவது. இங்ஙனம் காஞ்சி தனகோடி அம்மாளும் கோயமுத்தூர்த் தாயி அம்மாளும் பாடிய சங்கீதம் வங்கத்தில் அச்சாகித் தமிழ்நாட்டு வீடுகளுக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துக்குச் சற்றே மிகுதியாகத்தான் ஓடும். கதாகாலட்சேபமாக இரவு முழுவதும் நடைபெறும் நந்தனார் சரித்திரத்தை அதனுள் எப்படி அடக்குவது? பல்லவி, அனுபல்லவி, ஒரு சரணம், அவ்வளவே இடம். கண்ணிகளும் நொண்டிச் சிந்துகளும் வேதியரோடு நந்தன் வாதாடும் தருக்கங்களும் வெளியே நின்றுவிட்டன. இதில் ஒரு பெரிய நட்டம் உண்டு. சேக்கிழார் பெருமான் திருநாளைப்போவாரைப் பாடியபோது கொடிய வேதியர் எவரையும் காட்டவில்லை. அவ்வேதியரைப் படைத்தவர் பாரதியாரே. பண்ணையடிமையின் துயரத்தை அரங்கிலே ஏற்றியது அவ்வாதம். அதை நீக்கிவிட்டால் எஞ்சுவது ஒரு பக்திப் பாட்டு மட்டுமே. தட்டு நமக்குப் பாரதியாரைக் கொடுத்தது உண்மை. பாதியைக் கத்தரித்துக் கொடுத்தது என்பதும் உண்மை.

திரைப்படம் இக்குறையை ஓரளவு நிரப்பிற்று. 1935இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாக நடித்தவர் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய் என்பது அந்நாளில் ஊரெல்லாம் பேச்சு. வேதியராக வந்தவர் மகாராஜபுரம் விசுவநாதையர். ஒலிபெருக்கியில்லா நாடக மேடையில் கடைசி வரிசைக்கும் எட்டப் பாடிப் பழகிய பெண்குரல் நந்தனின் குரலாயிற்று. அப்படத்தின் பிரதி எதுவும் இன்று எஞ்சியதாக அறியப்படவில்லை. 1942இல் ஜெமினியார் எடுத்த 'நந்தனார்' படத்தில் தண்டபாணி தேசிகர் தோன்றினார். தேவாரம் ஓதி வளர்ந்த கம்பீரச் சாரீரம் அவருடையது. புன்னாகவராளியில் 'ஐயே மெத்தக் கடினம்' என்னும் கீர்த்தனையை அவர் பாடுகையில், அது கெஞ்சலாக இல்லாமல் ஓதுவார் முறையீடாகவே நம் செவிக்குப் படுகிறது. முசிறி சுப்பிரமணிய ஐயர் காம்போதியில் பாடிப் புகழ்பெறச் செய்த 'திருவடி சரணம்' கச்சேரி மேடைக்கு உரியது. அங்கே நந்தன் மறைந்து அடியார் ஒருவரே நிற்கிறார். எது சிறந்தது என்று கேட்பார்க்கு நம் விடை தேசிகர் பக்கம். முசிறியாரின் அன்பர்கள் பொறுத்தருள்க.

ஒப்பிடுவார் இரண்டிடங்களில் ஏமாறக் கூடும். தேசிகரின் படத்தில் வரும் 'பிறவா வரம் தாரும்' பாபநாசம் சிவனவர்கள் இயற்றியது. பலர் அதனையும் பாரதியார் தலையிலேயே ஏற்றிவிடுகின்றனர். மற்றொன்று சுழற்சி வேகம். பழைய தட்டுகள் எல்லாம் நிமிஷத்துக்கு 78 சுற்றில் பதிவானவை அல்ல. 75 சுற்றில் பதிந்ததை 78இல் சுழற்றினால் சுருதி ஏறிவிடும். பாடகர் இயல்பில் பாடாத உச்சத்தில் பாடினாரென்று நாம் வியந்துகொண்டிருப்போம்.

இனி நம் தீவுகளின் செய்தி. போர்ட் பிளேரில் வானொலி நிலையம் வந்தது 1963இல்தான். அதற்கு முன் தமிழ்ப் பாட்டு வேண்டுமென்றால் சென்னையிலிருந்தோ கல்கத்தாவிலிருந்தோ கப்பலேறும் பெட்டியில் தட்டுகள் வரவேண்டும். மூன்று நாள் கடல் ஆட்டத்தில் உடையாமல் வந்தவை பிழைத்தன. வந்த பின்னரும் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் பெய்யும் மழையும் ஈரக்காற்றும் அவற்றைச் சும்மா விடவில்லை. பூஞ்சணம் முதலில் காகித உறையைத் தின்னும். பிறகு நடுவிலுள்ள சீட்டைத் தின்னும். சீட்டு அழிந்தால் பாடியவர் பெயரும் எண்ணும் போயின. நம்மிடமுள்ள தட்டுகளில் சில அவ்வாறு பெயரற்றவையாய்க் கிடக்கின்றன. குரலை மட்டும் கொண்டு ஊகிக்க வேண்டியிருக்கிறது.

நம் நகரின் பெயர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என மாறிவிட்டது. பரண்மேல் இருக்கும் தகரப் பெட்டிகள் மாறாமல் அப்படியே இருக்கும் என்று நம்புகிறோம். அன்பர்கள் அவற்றைத் திறந்து பார்க்க வேண்டுகிறோம். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிறுத்தி வையுங்கள். ஈரத்துணியால் மெல்லத் துடைக்கலாம். சாராயம் கலந்த எதனையும் தொடவிடாதீர்கள், அரக்கு கரைந்துவிடும். பாட்டுப் புத்தகங்கள் கிடைத்தால் அவையும் வேண்டும். நம் செயலாளர் வீட்டில் சாவி முறுக்கும் பெட்டியொன்று பழுது பார்க்கப்பட்டு ஆயத்தமாக இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி வீதம் ஊசிகளும் இருக்கின்றன.