மணவாளநல்லூர்: பெயரும் எல்லையும்

திருமுதுகுன்றத்துப் பழமலைநாதரை வழிபடச் செல்லும் அன்பர்கள், நகருக்கு மேற்கே சிறு தொலைவில் மணவாளநல்லூரில் எழுந்தருளியுள்ள கொளஞ்சியப்பரையும் வணங்கி மீள்வது நெடுநாள் வழக்கம். நகர் எங்கே முடிந்தது, நல்லூர் எங்கே தொடங்கிற்று என்பதை வழிச்செல்வோர் அறியார். வரி தண்டுவோர் நன்கு அறிவர். நெடுங்காலம் நகராட்சிக்குப் புறத்தே தனி ஊராட்சியாய் நின்ற அவ்வூரின் பெயரையும் எல்லையையும் பற்றி இத்திருக்குடமுழுக்கு மலரிற் சில கூறப் புகுந்தேன்.

முதற்கண் ஒரு மயக்கம் நீக்குதல் வேண்டும். நல்லூர் என்றே தனித்து வழங்கும் ஊரொன்றும் இப்பகுதியில் உண்டு. அது வில்வவனேசுவரர் திருக்கோயில் உடையது. ஊராட்சி ஒன்றியம் ஒன்றுக்கும் பெயர் தந்தது. நாம் கூறுவது பிறிதோர் ஊர்.

சோழர் காலத்தில் அந்தணர்க்கு அளிக்கப்பெற்ற ஊர்கள் பல சதுர்வேதிமங்கலம் எனப் பெயர் பெற்றன. நல்லூர் என்று முடியும் ஊர்ப்பெயர்களும் கல்வெட்டுக்களில் மிகப் பல. அவற்றுட் சில அரசர், சிற்றரசர்தம் பெயரையோ பட்டத்தையோ முன்னே தாங்கி நிற்கும். சேந்தமங்கலத்தில் இருந்தாண்ட காடவர் குலத்தில் மணவாளப்பெருமாள் என்னும் பெயருடைய தலைவர் விளங்கினார். முதுகுன்றத் திருக்கோயிலிலேயே காடவர்தம் குலவரிசை கூறும் 12-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு உண்டு. ஆகவே நம் ஊர்ப்பெயர் அக்குலத்தாரைச் சார்ந்து வந்ததெனக் கருத இடமுளது. எனினும் பெயரொப்புமை ஒன்றே கொண்டு முடிவு கட்டுதல் தகாது. மணவாளன் என்பது இறைவனுக்கும் உரிய பெயரன்றோ!

அருகிலுள்ள பேரூரின் பெயர் கண்ட மாற்றம் வேறு வகையது. தேவார முதலிகள் மூவரும் பாடியது முதுகுன்றம். அதுவே பழமலை எனவும் வழங்கிற்று. பின்னர் வடமொழியில் விருத்தாசலம் ஆயிற்று. வருவாய்த்துறை ஏடும் இருப்புப்பாதை நிலையமும் அம்மொழிபெயர்ப்பையே ஏற்றுக்கொண்டன. நல்லூரின் பெயரை எவரும் பெயர்த்திலர்.

இதிலொரு சுவை உண்டு. முதுமை என்பதற்குத் தொன்மை என்று பொருள் கொள்ளாது கிழத்தன்மை என்று பொருள் கொண்டால் என்ன நேரும் என்பதே இந்நல்லூரின் ஐதிகம். இவ்வழி வந்த சுந்தரமூர்த்தி நாயனார், ஊரும் கிழம், இறைவரும் கிழவர், அம்மையும் விருத்தாம்பிகை, இங்கே பாடுவதென் என்று எண்ணிக் கடந்து சென்றாராம். இறைவர் ஆணைப்படி முருகப்பெருமான் வேடராய் வந்து அவர்தம் பொருளைப் பறித்து, வேண்டுமாயின் முதுகுன்றத்தில் வந்து பெற்றுக்கொள்க என்றாராம்.

பெரியபுராணம் பயின்றார் இங்கே சற்றுத் தயங்குவர். சேக்கிழார் பெருமான் கூறுவது, முதுகுன்றம் நோக்கிச் சென்ற நம்பியாரூரர் முன் இறைவர் வேதியராய் வந்து கூடலையாற்றூர்க்கு வழிகாட்டிய செய்தி. வேடுவர் பொருள் கவர்ந்தது திருமுருகன்பூண்டியில். அங்கு வேடராய் வந்தோரும் சிவபூதங்கள். ஆயினும் ஐதிகத்தைப் புராணத் துலையில் இட்டு நிறுத்துப் பொய்யென்று எறிதலை அடியேன் ஒப்பேன். ஓர் ஊர் தன்னை யாரென நினைக்கின்றது என்பதை ஐதிகமே காட்டும். மணவாளநல்லூர், முதுகுன்றத்தின் புறத்தே வழியில் நின்று, கடந்து போவாரை மறித்து உள்ளே அனுப்பும் ஊராகத் தன்னை நினைத்துக்கொண்டது. எல்லைக்கு வெளியே நிற்றலே அதன் திருத்தொண்டு.

கொளஞ்சிப் புதரிடையே பசுவொன்று நாடோறும் பால் சொரியக் கண்டு மக்கள் அறிந்த மூர்த்தி இவர் என்ப. திருமுகமும் திருக்கரமும் இல்லை. பலிபீட வடிவே வழிபடப்பெறுகின்றது.

ஆட்சி எல்லைகளோ பலகால் மாறின. ஆர்க்காட்டு நவாபிடமிருந்து 1801-இல் கும்பினியார் கைக்கு வந்த நிலப்பகுதி தென்னார்க்காடு மாவட்டமாயிற்று; 1993-இல் அது பிரிக்கப்பட, இவ்வூர் கடலூரைச் சார்ந்தது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி விருத்தாசலம் நகராட்சியின் மக்கள் 73,585 பேர். நல்லூரார் அத்தொகையிற் சேரார்.

குடிக்கணக்கு எடுப்போர் ஒரு சிற்றூரை நகரெனக் கொள்ள விதி வகுத்துளர். மக்கள் 5,000-க்குக் குறையாதிருத்தல் வேண்டும். சதுர கிலோமீட்டருக்கு 400 பேரேனும் வாழ்தல் வேண்டும். முதன்மைத் தொழில் செய்யும் ஆடவருள் நூற்றுக்கு 75 பேரேனும் உழவல்லாத தொழில் செய்தல் வேண்டும். விருத்தாசலமோ பீங்கான் தொழிலாற் பெயர் பெற்றது. பக்கத்துச் சிற்றூரான் ஒருவன் ஏரை விட்டுச் சூளை வேலைக்குச் சென்றானாயின், அவன் வீடு நின்ற இடத்திலேயே நிற்க, ஊர் கணக்கேட்டில் நகரை நோக்கி ஓரடி நகர்ந்துவிடும்! இங்ஙனம் கணக்கால் மட்டும் நகரானவை 2011-இல் தமிழ்நாட்டில் 376.

ஒரு சிற்றூர் நகராட்சியிற் கலந்தால் சாலையும் விளக்கும் குடிநீரும் செம்மையுறும் என்பர்; வரி உயரும், ஊரக வேலைத்திட்டம் நீங்கும் என்று ஏழைமக்கள் அஞ்சுவர். இரண்டும் மெய்யே. நல்லூர்க்கு அந்நாள் வந்தால் வருக. ஆனால் பல நூற்றாண்டு வழங்கிய பெயரை எடுத்துவிட்டு வெறும் வார்டு எண் இடுவதை மட்டும் ஊரார் பொறுத்தல் கூடாது.

இத்திருக்கோயிலில் பிராது கட்டும் வழக்கத்தை அறியாதார் இலர். களவு கொடுத்தோர், கடன் வராதோர், மகவு வேண்டுவோர் எல்லாரும் தம் குறையைத் தாளில் மனுவாக எழுதிப் பெருமான் திருமுன் வைத்து, முனியப்பர் சந்நிதியிற் கட்டுவர். குறை தீர்ந்தபின் வந்து ராஜினாமாச் செய்வர். திருவெண்ணெய்நல்லூரில் இறைவர் ஓலை கொண்டுவந்து நாவலூரரை வழக்கில் வென்றார். இந்நல்லூரில் அடியார் தாள் கொண்டுவந்து இறைவரிடம் வழக்குரைக்கின்றனர். மனுவின் தலைப்பில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் என்று எழுதி, கீழே தம் பெயரையும் ஊரையும் குறிப்பர். அவ்வூருக்கும் இக்கோயிலுக்கும் எத்தனை கிலோமீட்டர் என்று கணக்கிட்டுப் படிக்கட்டணம் பெறுகின்றனர். தொலைவு அளக்கப்படுவது நகராட்சி எல்லையிலிருந்தன்று, பெருமான் சந்நிதியிலிருந்தே.